துணிக்கட்டுச் சிங்கம்

ரத்தம் குடிக்கிற அட்டை எங்கே இருக்கும் என்று கேட்டால் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் "கால்ல!" என்று கத்துவார்கள். குதிரை எங்கே இருக்கும் என்றால் "தொரைக்குக் கீழ!" என்பார்கள். நாய் எங்கே இருக்கும் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். வெள்ளைக்காரத் துரையின் பங்களா நாயை மனதில் வைத்தவர்கள் "மெத்தைல" என்பார்கள். கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து நாயை வைத்தவர்கள் "எங்க வெரட்டுனாலும் திரும்ப வாசல்ல" என்பார்கள். இரண்டும் சரிதான் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஒரு கட்சியாவது தோற்க வேண்டும்.

இது இலங்கை மலையில் ரயில் பண்டாரவளையோடு நின்றுகொண்டிருந்த காலம். ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் என் வீட்டுக்காரர் கணக்கப்பிள்ளையாக இருந்தார். விடியற்காலையில் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, வேலைக்குப் பிரித்து அனுப்பிவிட்டு அவரும் மலைக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு லயத்தில் மிச்சம் இருப்பது தொட்டிலை விட்டு இறங்கிய, வேலைக்கு இன்னும் ஏறாத பிள்ளைகள். கான் என்கிற வடிகாலில் இறங்கித் தண்ணீரை மறிப்பார்கள், பிறகு அதை உடைத்து விடுவார்கள். அவ்வளவுதான் அவர்களுடைய நாள். எங்களுக்கோ பிள்ளை இல்லை. ஒரு நாள், ஆட்களைக் கடல் தாண்டிக் கூட்டி வந்த பெரிய கங்காணி வாசலில் நின்று, "சும்மாதானங்கம்மா இருக்கீங்க, இதுகளக் கொஞ்சம் மேயுங்களேன்" என்றார். மேயுங்களேன் என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்துப்போயிற்று. அதற்காகவே சரி என்றேன்.

எனக்கு அப்படி ஒரு பழக்கம். யாராவது ஒரு வார்த்தையை நன்றாகச் சொல்லிவிட்டால் அன்று முழுவதும் அதை வெற்றிலை மாதிரி வாயில் அடக்கிக்கொண்டு திரிவேன். பனி இறங்கித் தேயிலையை மூடினால் எங்கள் தோட்டத்தில் "மேகம் மேயுது" என்பார்கள். வெயில் வந்துவிட்டால் "மேஞ்சுட்டுப் போயிருச்சு" என்பார்கள். இதையெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள்? நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போனவள் அல்ல. பதுளைக் கடைத்தெருவில் என் அப்பாவுக்குத் துணிக்கடை. சாமான் சுற்றி வந்த பழைய தமிழ்ப் பத்திரிகைக் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு, கடைக்கு வருகிறவர்களையெல்லாம் பிடித்து "இது என்ன எழுத்து, அது என்ன எழுத்து" என்று கேட்டே படித்தேன். செட்டியார் ஒருவர் 'ம' சொன்னார். வண்டிக்காரர் ஒருவர் 'ழ' சொன்னார், அதுவும் தப்பாக. அப்படி வந்த படிப்பு.

அந்தக் கடையில் இருந்துதான் படங்களும் வந்தன. சீமைத் துணிக்கட்டு ஒவ்வொன்றின் மேலும் ஒரு வர்ணப் படம் ஒட்டியிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் "மயில் போட்ட துணி குடுங்க", "ஒட்டகம் போட்டது வேணாம், துவைச்சா சுருங்குது" என்று கேட்டு வாங்குவதற்காக அந்தப் படம். கட்டு விற்று முடிந்ததும் அப்பா அந்தக் காகிதத்தை எனக்குக் கொடுத்துவிடுவார். கிழியாமல் எடுக்க வேண்டும் என்றால் கொதிக்கிற கேத்தலின் ஆவியில் காட்டி ஓரத்தில் இருந்து மெல்ல உரிக்க வேண்டும். கல்யாணமாகித் தோட்டத்துக்கு வந்தபோது என் பெட்டியில் சேலைகளைவிட அந்தப் படங்கள்தான் அதிகம். மாமியார் வீட்டில் அதைச் சொல்லியே சிரித்தார்கள்.

கோப்பிச் செடியெல்லாம் நோயில் செத்துத் தேயிலை வந்த பிறகு, கோப்பி வைத்திருந்த பழைய ஸ்டோர் ஒன்று எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. அதன் சுவரில் கஞ்சிப் பசை போட்டுப் படங்களை வரிசையாக ஒட்டினேன். மயில், ஒட்டகம், முதலை, யானை, ஈச்ச மரத்தடியில் நிற்கிற ஒரு சிங்கம். சிங்கத்துக்குப் பிடரி மஞ்சளாக இருக்கும், வாய் சிவப்பாக இருக்கும். பிள்ளைகள் எனக்கு 'படத்தம்மா' என்று பேர் வைத்தார்கள். பாடம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எது எங்கே இருக்கும், அவ்வளவுதான். முயல் எங்கே, முள்ளம்பன்றி எங்கே, மரை எங்கே. மரை என்கிற பெரிய மானுக்கு எல்லா விரலும் ஒன்றாக மேல்காட்டைக் காட்டும். பன்றி என்றால் ஆளுயரம் வளர்ந்த மானாப்புல் பக்கம் திரும்பும். குருவிக்குப் பதில் சொல்ல வேண்டியதே இல்லை, எங்கள் கூரையிலேயே இருந்தது.

காட்டில் பார்க்காத மிருகத்துக்கு வந்ததும்தான் விஷயம் மாறும். "சிங்கம் எங்க இருக்கும்?" என்றேன் முதல் முறை.

"ஊர்ல!"

எல்லோரும் ஒரே குரலில். ஊர் என்றால் கடலுக்கு அப்பால், இந்தியாவில், அவர்களுடைய அப்பா அம்மா விட்டு வந்த இடம்.

"யாரு சொன்னா?"

தைரியமான பயல் ஒருவன் எழுந்தான். "துணி எங்கருந்து வருதுங்க?"

"கடையிலருந்து."

"கடைக்கு?"

"கப்பல்ல வருது."

"கப்பலு எங்கருந்து வருது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மொத்தக் கூட்டமும் "ஊர்லருந்து!" என்று கூரையை அதிர வைத்தது. கப்பலில் வந்த துணி, துணியின் மேல் வந்த சிங்கம். வக்கீல் வைத்தால்கூட அந்தப் பயலை மறித்துப் பேச முடியாது. ஒட்டகம்? ஊர்ல. முதலை? ஊர்ல. பெரியவர்கள் எதைக் கேட்டாலும் "அதெல்லாம் ஊர்ல" என்று கையைக் கடல் இருக்கிற திசையில் வீசுகிறவர்கள்தானே. நல்ல கத்தரிக்காய் ஊரில், பெரிய கோயில் ஊரில், செத்துப்போன மாமாவின் வீடு ஊரில். கண்ணில் படாதது எல்லாம் அங்கேதான் என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். நானும் பதுளையில் பிறந்தவள். கடலைப் பார்த்ததில்லை. ஊர் என்றால் எனக்கும் அது ஒரு சொல்தான். சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளை எப்போதும் சிங்கத்துக்கு நேர் கீழே உட்காரும். பல் விழாத வயது. தேயிலைச் செடியை ஒட்ட நறுக்கிக் கவ்வாத்து வெட்டுகிற ஒருவரின் ஒரே மகள். கவ்வாத்துக் கத்தி பட்ட தேயிலை மாதிரியே அவருக்கும் தலைமுடி ஒட்ட வெட்டியிருக்கும். அவர் மனைவி, அதாவது அந்தப் பிள்ளையின் தாய், முந்திய வருஷம் ஊருக்குப் போயிருந்தாள். அவளுடைய அப்பா படுத்த படுக்கை என்று ஊரில் இருந்து வந்த ஆட்கள் வாய்வழியாகச் சேதி சொன்னார்கள். அவள் கிளம்புகிற நேரம் பார்த்துப் பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டது. கூட்டிக்கொண்டு போனால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். "ஆட்கள் கூட்டமாப் போறப்பவே போயிட்டு, கூட்டமாத் திரும்புறப்பவே வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கூட்டம் திரும்பி வந்தது. அவள் வரவில்லை.

அம்மை இறங்கித் தண்ணீர் ஊற்றிய நாளில் இருந்து அந்தப் பிள்ளை என்னோடு ஒட்டிக்கொண்டது. காலையில் அப்பனோடு பெரட்டுக்குப் போய்விட்டு அங்கிருந்து நேராக என் அடுப்படிக்கு வரும். ரொட்டி சுட்டால் கருகிய ஓரத்தைக் கேட்டு வாங்கும். எனக்குச் சடை பின்னி விடுகிறேன் என்று தலையை இழுத்து இழுத்து நோக வைக்கும். ஒரு நாளும் அம்மாவைப் பற்றிப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் நல்லது என்று நினைத்தேன். இன்னொன்றும் உண்டு, கேட்காமல் இருப்பது எனக்குச் சுகமாகவும் இருந்தது.

அடுத்த வருஷம் ஊரில் இருந்து புது ஆட்கள் வந்தபோது சேதியும் வந்தது. பிள்ளையின் அப்பன் என் வாசலுக்கு வந்து, தலையில் சுற்றியிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னப்பா, உள்ள வந்து சொல்லேன்."

"இங்கயே இருக்கட்டுங்கம்மா. அவ ஆளு அனுப்பியிருக்கா. அவங்கப்பன் போயிட்டாராம். ஆடுகளப் பாக்க வேற நாதி இல்லையாம். நான் இனி அங்க வர ஏலாது, புள்ளயத் தூக்கிக்கிட்டு நீங்க வந்துருங்கன்னு சொல்லி விட்டிருக்கா. பெரிய கங்காணியும் போகச் சொல்லிட்டாரு."

"நல்லதுதானே" என்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். என் குரல் எனக்கே அடுத்த வீட்டில் கேட்பது போல இருந்தது.

"நல்லதுதாங்க. ஆனா குட்டி வரமாட்டேங்குது. தூணக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்குது. ஊருன்னு சொன்னாலே ஒடம்பு நடுங்குது. என்னன்னு கேட்டாச் சொல்லவும் மாட்டேங்குது. நீங்கதான் கேக்கணும்."

அன்று பிள்ளைகள் எல்லாம் போன பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். என் வளையலை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. பிறகு சுவரைப் பார்த்தது.

"ஊர்ல அது இருக்கே."

"எது?"

"அதுதான். வாய் செவப்பா." என் காதுக்குள் வாயை வைத்துக் கேட்டது. "எங்கம்மாவ அது தின்னுருச்சா? அதுனாலதான வரல?"

ஒரு வருஷமாக அந்தப் பிள்ளை தினமும் சிங்கத்துக்குக் கீழே வந்து உட்கார்ந்தது படம் பிடித்துப்போய் அல்ல. அதன் வாயைக் காவல் காத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

"அடி பைத்தியம், ஊர்ல சிங்கமே கெடையாது" என்றேன்.

"நீங்க ஊருக்குப் போயிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

 எழுத்துக் கூட்டிப் படித்ததால் தெரியும் என்றா சொல்வது? ஐந்து வயதுப் பிள்ளை நேரில் பார்த்த சாட்சியைக் கேட்கிறது. நியாயம்தான்.

இரண்டு நாள் கழித்து அப்பன் திரும்ப வந்தார். "அம்மா, நான் யோசிச்சுப் பாத்தேன். அது பயந்து செத்துப்போகும் போலருக்கு. ஒங்ககிட்டதான் ஒட்டிக்கிட்டு இருக்கு. இங்கயே இருக்கட்டும். நான் மட்டும் போயி, முடிஞ்சா அவளக் கூட்டிக்கிட்டு வந்துர்றேன்." முடிஞ்சா என்பதைத் தரையைப் பார்த்துச் சொன்னார். முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆடும் குடிசையும் ஊரில் இருக்கிறவர்கள் மறுபடி மலையேறி வருவது அபூர்வம்.

அன்று சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் ரசத்தைக் குடித்துக்கொண்டே, "லயத்துல பேசிக்கிறாங்க, கணக்கப்பிள்ள வீட்டுல தொட்டில் கட்டாமலே பிள்ள வரப்போகுதாம்" என்றார். நான் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஒனக்கு ஆசையா இருந்தா…" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். ஆசை இல்லை என்று நான் எப்படிச் சொல்லுவேன்? காதுக்குள் வைத்த அந்த வாயின் சூடு இன்னும் காதில் இருந்தது. நான் சும்மா இருந்தால் போதும். பிள்ளை என்னிடம் தங்கிவிடும். ஆனால் தங்கினால் எப்படித் தங்கும்? தாயைச் சிங்கம் தின்றுவிட்டது என்ற நினைப்போடு தங்கும். தினமும் காலையில் வந்து அந்த வாய்க்குக் கீழே உட்காரும். எனக்குச் சடை பின்னும்போதும் அந்த நினைப்பு அதற்குள் இருக்கும். அப்படிப்பட்ட பிள்ளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

சாட்சி கேட்டதல்லவா, சாட்சியைக் கூட்டுவது என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை, மலைக்குப் போகாத நாள். ஊரில் பிறந்து வந்தவர்களை எல்லாம் ஸ்டோருக்கு வரச் சொன்னேன். பிள்ளைகளைச் சுவரோரம் உட்கார வைத்தேன். கேள்வி ஒன்றுதான்: உங்கள் ஊரில் என்னென்ன மிருகம் இருந்தது, அது எங்கே இருந்தது, கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும்.

கொழுந்து பறிக்கிற ஒரு பெண்தான் ஆரம்பித்தாள். வாய் நீளம் அவளுக்கு. "எங்க ஊர்ல கழுதைங்க. வண்ணாரு வீட்டுக் கழுத. விடியக்காலம் அது கத்துனாத்தான் எங்கூட்டு ஆம்பள எந்திரிப்பாரு."

"இப்ப கழுத இல்லாம எப்பிடி எந்திரிக்கிறாரு?" என்று யாரோ கேட்டார்கள்.

"இப்ப நான் கத்துறேன்ல."

கழுதை என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. எங்கள் மலையில் ஏது கழுதை? ஒருவர் எழுந்து நின்று காதை இரண்டு கையாலும் நீட்டிக் காட்டி, கத்தியும் காட்டினார். ஸ்டோர் முழுவதும் பிள்ளைகள் கழுதையாகிவிட்டார்கள். அதை அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பிறகு எருமை வந்தது, குளத்துக்குள் மூக்கு மட்டும் தெரிகிற மாதிரி. கொக்கு வந்தது. கீரிப்பிள்ளை வந்தது. "எங்க ஊருல வேலியெல்லாம் மயிலு" என்று ஒருவர் சொல்ல, பக்கத்து ஊர்க்காரர், "ஒங்க ஊருலயா? காக்காவே தண்ணியில்லன்னு எங்க ஊருக்குத்தானய்யா வரும்" என்றார். இப்படி ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, அந்தப் பிள்ளை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டது.

"சிங்கத்தப் பாத்தீங்களா?"

"இல்ல தாயி."

"சத்தியமா?"

"சத்தியமா இல்ல."

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டு இருந்தது. காவல்காரர் ஒருவர் இருந்தார். இல்லாததைச் சொல்வதில் கெட்டிக்காரர். கேள்வி அவரிடம் வந்ததும் மீசையைத் தடவிக்கொண்டு, "பாத்திருக்கேனே! எங்க ஊரு சிங்கத்த நானே தோள்ல…" என்று ஆரம்பித்துவிட்டார்.

பிள்ளையின் கை என் முந்தானையை முறுக்கியது. கொழுந்துக்காரப் பெண் அவர் விலாவில் ஓர் இடி இடித்தாள். "யோவ், கண்ணால பாத்தத மட்டும் சொல்லச் சொன்னாங்க."

"பாத்ததத்தான்டி சொல்றேன். தோள்ல தூக்கிக்கிட்டுப் போயிருக்கேன். இந்தத் தழும்பப் பாரு." சட்டையை விலக்கித் தோளைக் காட்டினார். உண்மையிலேயே ஒரு காய்ப்பு இருந்தது. "அம்மன் கோயில் சிங்கம். மரத்துல செஞ்சது. திருவிழாவுக்கு அம்மன் அதுமேல ஏறி உக்காந்து ஊரச் சுத்திவரும். நாங்கதான் தூக்குவோம். கனம்னா கனம். திருவிழா முடிஞ்சா கோயில் மூலையில ஒரு கொட்டாய், அதுக்குள்ள போட்டுப் பூட்டிருவாங்க. அடுத்த வருஷந்தான் வெளிய வரும்."

வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும் என்று பிற்பாடு எல்லோரும் சிரித்தோம். பிள்ளை அவர் அருகில் போனது. தழும்பைத் தொட்டுப் பார்த்தது.

"கடிக்குமா?"

"மரம் எங்கயாவது கடிக்குமா?"

"வாய் செவப்பா?"

"செவப்புதான். வருஷா வருஷம் சாயம் பூசுவாங்க."

"பூட்டிருவாங்களா?"

"பெரிய பூட்டு."

பிள்ளை திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது. முந்தானையை விட்டுவிட்டது. அந்தச் சேலையில் அதன் கை பிடித்த இடம் கசங்கியிருந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கூட்டம் கலையப்போகிற நேரத்தில், அதுவரை வாய் திறக்காத ஒரு பெண் பேசினாள். அந்தப் பிள்ளையின் தாயுடைய ஊருக்குப் பக்கத்து ஊர் அவளுக்கு. "ஒங்கம்மா வீட்டுல ஆடு. செம்மறியாடு" என்று பிள்ளையைப் பார்த்துச் சொன்னாள். "அறுவடை முடிஞ்ச வயல்ல எருவுக்காக ராத்திரி ஆட்டக் கெட போடுவாங்க. ஒங்கம்மா சின்னப் புள்ளையில எங்க ஊரு வயலுக்கெல்லாம் வந்திருக்கா. பெரிய ஆடெல்லாம் பகல்ல மேயப் போயிரும். குட்டிங்க அம்புட்டுத் தூரம் நடக்காது. அதுங்கள ஒரு பெரிய கூடையக் கவுத்து அதுக்குள்ள விட்டுருவாங்க. இந்தக் கொழுந்துக் கூட மாதிரி நாலு பங்கு இருக்கும்."

"கூடைக்குள்ள குட்டி அழுவுமா?"

"அழுவாம? பொழுது சாயிற வரைக்கும் கத்தும்."

"தாயாடு?"

"மேயப் போன எடத்துலருந்து அதுவும் கத்தும். திரும்பி வந்ததும் கூடையத் தூக்குவாங்க பாரு, அத்தன குட்டியும் ஓடும். மந்தையில அத்தன ஆடு நின்னாலும் ஒன்னாவது தப்பான தாய்கிட்டப் போவாது. ஒங்கம்மாதான் கூடையத் தூக்குவா. நான் பாத்திருக்கேன்."

பிள்ளை எழுந்து போய் அந்தக் கொழுந்துக் கூடைக்குள் எட்டிப் பார்த்தது. எல்லோரும் எழுந்து போனார்கள்.

மறுநாள் காலையில் அது என் அடுப்படிக்கு வரவில்லை. ரொட்டியின் கருகிய ஓரம் தட்டில் ஆறிக் கிடந்தது. வெளியே வந்து பார்த்தால், லயத்து முற்றத்தில் பிள்ளைகள் எல்லாம் கூடி நின்று ஆடு மாதிரி கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு கொழுந்துக் கூடை கவிழ்ந்து கிடந்தது. கூடைக்குள்ளிருந்தும் ஒரு சத்தம். பின்னலின் சந்து வழியே பாவாடையின் நிறம் தெரிந்தது. எனக்கு அது யார் என்று தெரிந்துவிட்டது. குனிந்து தூக்கக் கையை நீட்டினேன்.

"நீங்க தூக்கக் கூடாது, படத்தம்மா" என்றது கூடை. கோபம் ஒன்றும் இல்லை, விளையாட்டின் சட்டத்தைச் சொல்லுகிற குரல். "எங்கம்மாதான் தூக்கணும்."

நான் கையை எடுத்துக்கொண்டேன். பெரட்டு முடிந்து கத்தியோடு வந்த அப்பன் அங்கேயே நின்றார். அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூடைக்குப் பக்கத்தில் குந்தி, "போவமா குட்டி?" என்று கேட்டார்.

"போவம்" என்றது கூடை.

தை பிறந்து பனி குறைந்த ஒரு விடியலில் கிளம்பினார்கள். பண்டாரவளை வரைக்கும் நடை, பிறகு ரயில், பிறகு கப்பல். மாற்றுத் துணியை மூட்டை கட்டி அப்பன் தலையில் வைத்திருந்தார். நான் ரொட்டி சுட்டுக் கட்டிக் கொடுத்தேன், ஓரத்தை வேண்டுமென்றே கருக விட்டு. வழியில் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு போக ஒரு படம் தருகிறேன், எது வேண்டும் என்று பிள்ளையைக் கேட்டேன். ஆட்டுப் படம் என்னிடம் இல்லை. மயிலைக் கேட்கும் என்று நினைத்தேன். அது சுவரைக் கூடப் பார்க்காமல், "சிங்கம்" என்றது.

"சிங்கமா? பயமில்லையா?"

"கோயில்ல பூட்டியிருக்குல்ல, அது இதே மாதிரி இருக்கான்னு வச்சுப் பாக்கணும். பாத்துட்டு ஒங்களுக்குச் சொல்லி அனுப்புறேன்."

கேத்தலைக் கொதிக்க வைத்துக் கொண்டுவந்து, ஆவியில் காட்டி, ஓரத்தில் இருந்து மெல்ல உரித்தேன். கஞ்சிப் பசை கெட்டியாகப் பிடித்திருந்தது. அவசரப்படவில்லை. அப்பன் வெளியில் நின்று இருமினார். அதற்கும் அவசரப்படவில்லை. கிழியாமல் வந்தது. சுருட்டி நூல் கட்டிக் கையில் கொடுத்தேன். பிள்ளை அதை வாங்கிக்கொண்டு என் சடையை ஒரு தடவை இழுத்தது. போய்விட்டது. எல்ல என்ற இடத்துக்குப் பாதை திரும்புகிற வளைவு வரை தெரிந்தார்கள். பிறகு மேகம் மேய இறங்கிவிட்டது.

சொல்லி அனுப்பியிருக்கும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வாய்வழிச் சேதி எத்தனை வாய் தாண்டி வர வேண்டும்? எந்தக் கப்பல் துறையிலோ, எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆளின் வாயிலோ அது நின்றுபோயிருக்கும். ஒவ்வொரு வருஷமும் புது ஆட்கள் வந்து இறங்கும்போது நான் போய் நிற்பேன். "ஆட்டுக்கெட போடுற வீடு, ஒரு பொம்பளப் புள்ள, கையில சிங்கப் படம் வச்சிருக்கும், பாத்தீங்களா?" என்று கேட்பேன். களைத்து வந்தவர்கள் அவர்கள், கோபப்படலாம். ஒருவரும் கோபப்பட்டதில்லை. ஒரு பெண் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊருன்னா என்னங்கம்மா, ஒரு லயம்னு நெனச்சீங்களா?" என்று கேட்டாள். அதையும் நான் பல நாள் வாயில் வைத்திருந்தேன். அது மட்டும் கசந்தது.

இப்போது ரயில் பதுளைக்கே வந்துவிட்டது. பண்டாரவளைக்கு யாரும் நடக்க வேண்டியதில்லை. ஸ்டோரில் இன்னும் பிள்ளைகள் கூடுகிறார்கள். அன்று கழுதையாகக் கத்தியவர்களின் பிள்ளைகளும் அதில் உண்டு. சுவர் புகையேறிக் கறுத்துவிட்டது. சிங்கம் இருந்த இடம் மட்டும் வெளுத்த கட்டமாக அப்படியே இருக்கிறது. அதில் வேறு படம் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. அப்பா கடையில் புதுசாக ஒரு குதிரைப் படம் வந்திருந்தது, அதைக்கூட வேறு இடம் பார்த்துத்தான் ஒட்டினேன்.

போன வாரம் ஒரு சின்னது, புதுசாக வந்து சேர்ந்தது, அந்த வெள்ளைக் கட்டத்துக்கு நேராக நின்று விரலால் அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டே கேட்டது.

"படத்தம்மா, இங்க என்ன இருந்துச்சு?"

"சிங்கம்."

"எங்க போயிருச்சு?"

"ஊருக்கு" என்றேன்.

அது ஆச்சரியப்படவே இல்லை. "ஆமா, சிங்கம் அங்கதான இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஒட்டகத்துக்குப் போய்விட்டது.